கூ என்றால் ஒன்று, கை என்றால் பல

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களாக நியமனக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்திருக்கும் உங்களுக்கு நான் சட்டம் சொல்லித்தரப் போவதில்லை. எந்தப் பத்திரத்தை எங்கே வைப்பது, யாருக்கு எழுந்து நிற்பது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். தானாக வராதது ஒன்று உண்டு. மன்றம் நிறைய ஆட்கள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை" என்று சொல்வது. அதை நான் பழகிக்கொண்ட கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. ஆனால் அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. ஆகவே நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மட்டக்களப்பு நீதிமன்றத்தில் நிரந்தரமாக இருந்த மொழிபெயர்ப்பு முதலியார் நெடுநாளாகச் சுகமில்லாமல் லீவில் இருந்தார். அவருடைய இடத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு கிழமையில் என் நியமனம் உறுதியாக வேண்டும். அதை நம்பி ஒரு கல்யாணப் பேச்சும் முக்கால்வாசி முடிந்திருந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இங்கிலீசு இலக்கணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பேன். மவுஸ் ஒன்று என்றால் மைஸ் பல. ஒக்ஸ் ஒன்று என்றால் ஒக்ஸன் பல. ஷீப் எத்தனை நின்றாலும் ஷீப்தான். இதற்கு மேல் அந்தப் பாஷையில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

வழக்கு ஒரு மாட்டுக் களவு வழக்கு. முறைப்பாட்டுக்காரர் ஸ்கொத்லாந்துத் துரை ஒருவர். வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், தென்னந்தோட்டம் ஒன்றை மேற்பார்த்தவர். சிவந்த முகம், அடர்ந்த மீசை, எந்நேரமும் கையில் புகையிலை போட்டு இழுக்கும் ஒரு சுங்கான். தென்னைக்கு எரு வேண்டும் என்பதற்காகத் தோட்டத்தில் மாடு வளர்த்தார். அதில் ஐந்து காணாமல் போயிருந்தது. எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயர் கோணாமலை. வவுணதீவு ஆள். ஊராரின் எருமைகளைப் பட்டியாகச் சேர்த்து மேய்ப்பது அவருடைய தொழில். அவருக்காகப் பேச ஒரு புரொக்டர் இல்லை. மனைவி வள்ளிப்பிள்ளை மட்டும் பின் வரிசை வாங்குப் பலகையில் ஒரு சோற்றுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

குற்றப்பத்திரத்தை வாசித்தேன். "மாடு ஒண்டும் நான் எடுக்கல்ல ஐயா" என்றார் கோணாமலை. அதோடு துரை சாட்சிக் கூண்டில் ஏறினார்.

துரை வாயைத் திறந்தார். நான் படித்த இங்கிலீசு ஒரு பக்கம், துரை பேசிய இங்கிலீசு இன்னொரு பக்கம். ரகரமெல்லாம் வண்டிச் சில்லுப் போல உருண்டன. அந்த உருட்டலுக்கு நடுவே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தெளிவாகக் கேட்டது. கை. சந்தேகமே இல்லை, கை என்றுதான் சொன்னார்.

தோட்டத் துரைமார் இரண்டு மூன்று உள்ளூர்ச் சொல்லைப் பொறுக்கி வைத்துக்கொண்டு இங்கிலீசுக்குள் போட்டுப் பேசுவது அப்போது வழக்கம். கங்காணி என்பார்கள், சலாம் என்பார்கள். இந்தத் துரை கை என்கிறார். அதில் என்ன புதினம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

துரை சொன்னதின் சாரம் இது. விடியற்காலையில் அவர் தோட்டத்து வரம்பில் நின்று வாவியைப் பார்த்தார். தூரத்தில் கோணாமலை நின்றார். "த கை வேர் இன் த வாட்டர்" என்றார் துரை. இங்கேதான் என் இலக்கணம் எனக்குக் கை கொடுத்தது. கை ஒன்று என்றால் 'வொஸ்' அல்லவா வர வேண்டும்? துரை 'வேர்' என்கிறாரே. அது பன்மை. ஆகவே இரண்டு கையும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தமிழில் சொன்னேன்: "உன்ட ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இருந்ததாம்."

கோணாமலை தலையை ஆட்டினார்.

அடுத்து துரை சொன்னது: "ஹீ லிஃப்டட் த கை." லிஃப்ட் என்றால் தூக்குவது. பாலர் வகுப்பிலேயே படித்த சொல். "துரையைக் கண்டதும் நீ கையைத் தூக்கினதாம்" என்றேன்.

துரை முடித்துவிட்டார். முறைப்படி, துரையிடம் கேட்பதற்கு ஏதாவது கேள்வி உண்டா என்று நான் எதிரியைக் கேட்டேன். கோணாமலையின் முகம் மலர்ந்துவிட்டது. காலையில் இருந்து பயந்துகொண்டு நின்ற மனிதர், துரை நியாயமாகப் பேசிவிட்டார் என்று நினைத்து, வாய் நிறையச் சிரித்தார்.

"என்னத்தக் கேக்கிற ஐயா? துரை சொன்னது அவ்வளவும் உண்மை. தண்ணிக்குள்ள கை வச்சிக்கொண்டுதான் நிண்டன். அவரக் கண்டதும் கை தூக்கினதும் மெய்தான்."

நான் அதை நீதவானுக்கு இங்கிலீசில் சொன்னேன். சாட்சி சொன்ன சொல்லையே வைத்துச் சொல்வது மரியாதை என்று எனக்கு ஓர் எண்ணம். ஆகவே கை என்பதை மாற்றாமல் துரை சொன்னபடியே வைத்தேன். துரை சொன்னது உண்மை, கை தண்ணீருக்குள் இருந்தது உண்மை, அதை நான் லிஃப்ட் பண்ணியதும் உண்மை என்று எதிரி சொல்கிறார் என்றேன்.

நீதவான் ஒரு வெள்ளைக்காரர். அதிகம் பேசமாட்டார். சாட்சியத்தைத் தன் கையாலேயே எழுதுவார். அவர் பேனாவை நிறுத்தி, சிரித்துக்கொண்டு நின்ற கோணாமலையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இரண்டு வரி எழுதினார். எதிரி குற்றத்தை ஒத்துக்கொள்கிறார், தண்டனை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இங்கிலீசில் சொன்னதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். "மத்தியானத்துக்குப் பிறகு தண்டனையாம்" என்றேன். கோணாமலையின் சிரிப்பு அப்படியே நின்றது. துரை மேல் கை ஓங்கினதற்காக இருக்கும், வெள்ளைக்காரருக்கு அது பெரிய குற்றம் போலும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன்.

வள்ளிப்பிள்ளை வழியை மறித்தாள்.

"ஐயா, கை கழுவினதுக்கும் துரையக் கும்பிட்டதுக்கும் மறியல்ல பூட்டி வைப்பாங்களா?"

"கும்பிட்டதுக்கு இல்ல. கை ஓங்கினதுக்கு."

"அவரா? மாட்டுக்கே கை ஓங்காத மனிசன் ஐயா." அவள் சோற்றுப் பொதியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "அது கிடக்கட்டும். மாட்டுக் களவெண்டுதானே பிடிச்சிக்கொண்டு வந்தாங்க. துரை மாட்டப் பத்தி ஒரு சொல்லும் சொல்லல்லியே. அதென்ன ஐயா?"

தம்பிமாரே, அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. மாடு களவு போனது என்று வழக்கு வைத்த மனிதர் அரை மணித்தியாலம் சாட்சி சொல்கிறார். அதில் மாடு என்ற சொல்லே இல்லை. நான் மொழிபெயர்த்தேன், எனக்கு அது தெரியவில்லை. பின் வாங்கில் இருந்து கேட்டவளுக்குத் தெரிந்திருக்கிறது.

துரை வெளியே வாகை மரத்தின் கீழ் நின்றார். வழக்கு நடக்கும்போது மொழிபெயர்ப்பாளன் ஒரு பக்கத்தாரோடு தனியே பேசக்கூடாது. அந்த அளவு புத்தி எனக்கு அப்போதும் இருந்தது. ஆகவே கோர்ட்டுப் பொலிஸ் சார்ஜன்டையும் கூட்டிக்கொண்டு போய், "துரை, காலையில் கை, கை என்று சொன்னீர்களே, அது என்ன?" என்று கேட்டேன்.

"கையா? கை என்றால் கைதான்" என்றார் துரை.

நான் என் கையை நீட்டிக் காட்டினேன். இது தமிழில் கை என்றேன். துரை என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுங்கானை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு ஆட்காட்டி விரலையும் தலையின் இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி வைத்துக்கொண்டு, "வன் கூ" என்றார். அப்படியே மரத்தடி முழுவதையும் காட்டுவது போலத் தலையைச் சுழற்றி, "மெனி கை" என்றார்.

கூ என்றால் ஒரு மாடு. கை என்றால் பல மாடு. துரையின் ஊரில் பால் கறக்கிறவர்களும் மேய்க்கிறவர்களும் அப்படித்தான் சொல்வார்களாம். லிஃப்ட் பண்ணுவது என்றால் அங்கே பிறத்தியாருடைய மாட்டைச் சாய்த்துக்கொண்டு, களவாக ஓட்டிக்கொண்டு, போவதும்தானாம். கவ், கவ்ஸ் என்று புத்தகத்தில் படித்த எனக்கு இதை எந்த வாத்தியார் சொல்லித்தந்தார்? சார்ஜன்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

துரைக்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. "அப்படியென்றால் அந்த மனிதன் எதற்கு ஓம் என்றான்?"

"கை கழுவினதற்கு" என்றேன்.

தண்டனைக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. உங்களிடம் ஒளிப்பதற்கு இப்போது எனக்கு ஒன்றும் இல்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. ஒரு நிமிடம் அல்ல, பல நிமிடம் வந்தது. இரண்டு கிழமையில் நியமனம். கல்யாணப் பேச்சு. வழக்கேட்டில் எழுதியது எழுதியதுதான். பிறகு, நீதவானின் அறைக்குள் போய் மெதுவாகச் சொல்லிவிடலாமே என்ற எண்ணம் வந்தது. அதில் என் மானம் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் கோணாமலை குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஊர் முழுக்க மன்றத்தில் இருந்து கேட்டிருக்கிறது. பிழை நடந்தது திறந்த மன்றத்தில். அறைக்குள் வைத்துத் திருத்தினால் அது என்னைக் காப்பாற்றும், அவரைக் காப்பாற்றுமா என்பது தெரியாது. என் பிழை எந்த இடத்தில் நின்று நடந்ததோ அந்த இடத்தில் நின்றே அதைச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

நீதவான் வந்து அமர்ந்தார். நான் எழுந்து, காலையில் நான் செய்த மொழிபெயர்ப்புப் பிழை, எதிரி மாடு எடுத்ததாக ஒத்துக்கொள்ளவில்லை, அவரிடம் அந்தக் கேள்வி போகவேயில்லை என்று சொன்னேன்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா?" என்று கேட்டார் நீதவான்.

"காலையில் தெரியாமல் சொன்னேன், ஐயா. இப்போது தெரிந்து சொல்கிறேன்."

கை என்றால் நான் என்னவென்று நினைத்தேன் என்று கேட்டார். சொன்னேன். இரண்டு கை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார். 'வேர்' வந்ததால் என்றேன். நீதவான் வாயைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு நீண்ட நேரம் இருமினார்.

இது பாதிதான். மீதிப் பாதியை எதிரிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தம்பிமாரே, நீதவானிடம் இங்கிலீசில் சொன்னது ஒன்றுமே இல்லை. அது உத்தியோகத்துக்குச் செய்த கடமை. கூண்டில் நிற்கும் மனிதரின் கண்ணைப் பார்த்து அவருடைய பாஷையில் சொல்வதுதான் கஷ்டம். காலையில் 'நீ' என்று பேசிய வாய், என்னை அறியாமலே மாறிவிட்டது.

"கோணாமலை, நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். துரை கையப் பத்திச் சொல்லல்ல. தன்ட மாட்டப் பத்தித்தான் சொன்னவர். மாடு தண்ணிக்குள்ள நிண்டது, நீங்க அதச் சாய்ச்சிக்கொண்டு போனீங்க எண்டு. நீங்க ஓமெண்டத அதுக்கு ஓமெண்டு எழுதிப்போட்டாங்க. பிழை என்ட."

அவர் கூண்டிலிருந்து என் பக்கம் குனிந்தார்.

"அப்ப, நான் மாடு களவெடுத்தன் எண்டு நானே சிரிச்சிச் சிரிச்சிச் சொல்லியிருக்கன்?"

"ஓம்."

"இனி மெள்ளமாச் சொல்லுங்க ஐயா" என்றார் கோணாமலை. "நானும் மெள்ளமாக் கேக்கிறன்."

நீதவான் காலையில் எழுதிய இரண்டு வரியையும் வெட்டிவிட்டு, துரையை மறுபடி கூண்டில் ஏற்றினார். ஒவ்வொரு வசனமாகச் சொல்லும்படி சொன்னார். விளங்காத சொல் வந்தபோதெல்லாம் நான் கையைத் தூக்கினேன். ஐந்தாறு முறை தூக்கியிருப்பேன். ஒருவரும் என்னைக் கடித்துத் தின்றுவிடவில்லை.

இந்த முறை கோணாமலைக்குக் கேட்பதற்குக் கேள்வி இருந்தது.

"துரை, நீங்க கண்ட மாடு தண்ணிக்குள்ள நிண்டதா, படுத்துக் கிடந்ததா?"

துரை யோசித்தார். தலையும் கொம்பும் மட்டும்தான் வெளியே தெரிந்தது என்றார். சூரியன் நேர் எதிரே இருந்ததால் நிறம் தெரியவில்லை என்றார்.

"தலை மட்டும் தெரியுதெண்டா, படுத்துத்தானே கிடந்திருக்கும். மாடு தண்ணிக்குள்ள படுக்குமா துரை?"

நான் அதை இங்கிலீசில் சொல்லி முடித்தேன். துரை சிறுவயதிலிருந்தே மாட்டோடு வளர்ந்தவர் என்பது அவருடைய முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. மீசையை இரண்டு முறை தடவினார்.

"இல்லை" என்றார். "எங்கள் ஊரிலும் படுக்காது." பிறகு நீதவானின் பக்கம் திரும்பினார். "நான் கண்டது இவர் மேய்க்கும் எருமைகளைத்தான். வீட்டில் போய்ப் பார்த்தபோது ஐந்து மாடு குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். வழக்கை வாபஸ் வாங்குகிறேன்."

கோணாமலை விடுதலையானார். அந்த ஐந்து மாட்டையும் சில நாளில் சித்தாண்டிப் பக்கத்து வயல்வட்டை ஒன்றில் கண்டுபிடித்தார்கள். தோட்டத்து வேலி விழுந்த இடத்தால் தாமாகவே வெளியேறிப் போய், அறுத்த வயலில் கொழுத்துப்போய் நின்றனவாம்.

நீதவான் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "கை என்ற சொல் எனக்குத் தெரியும். இங்கிலாந்தின் வடக்கே இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததால் உங்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். நானும் கேட்டிருக்க வேண்டும்" என்றார். அப்படிச் சொன்னவர் என் நியமனத்தை ஆறு மாதம் தள்ளியும் வைத்தார். நியாயம்தான். பெண் வீட்டார் ஏன் தாமதம் என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். மாட்டின் பன்மையால் என்று சொல்லி அனுப்பினேன். அதைக் கேட்டுப் பெண் சிரித்ததாக அறிந்தபோது, இந்த இடம் சரிவரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரிவந்தது.

அந்த ஆறு மாதத்தில் ஒரு கொப்பி போட்டேன். இங்கிலீசுக்காரர் மிருகங்களைப் பன்மையில் சொல்லும் விதங்களை அதில் எழுதி வந்தேன். பாதிரியார் ஒருவர் வேதப் புத்தகத்தில் உள்ளபடி மாடுகளைக் கைன் என்பார். தெற்கு இங்கிலாந்திலிருந்து வந்த நில அளவையாளர் ஒருவர் குளவிகளை வாஸ்ப்ஸ் என்னாமல் வாஸ்ப்ஸிஸ் என்பார். குளவி கொட்டிய மனிதர் தவிப்பில் நாக்குத் தடுமாறுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னொருவருக்கு எலிகள் மைஸ் அல்ல, மீஸ். வேட்டைக்குப் போகும் துரைமாரோ எல்லாவற்றுக்கும் 'ஸ்' என்ற வாலை வெட்டிவிடுவார்கள். இருபது உள்ளான் குருவி சுட்டாலும் ஸ்னைப்தான், ஸ்னைப்ஸ் என்றால் சிரிப்பார்கள். நாலு யானை கண்டாலும் எலிஃபன்ட்தான்.

இந்தக் கடைசி வகையில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஏனென்றால் நம்முடைய ஆட்களும் அப்படித்தான் பேசுவார்கள். மாங்கேணிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து "மான் சுட்டாங்க" என்று சாட்சி சொன்னால், ஒரு மானா, ஒன்பது மானா? இங்கிலீசில் டியர் என்று சொல்லி நீங்கள் தப்பிக்கொள்ளலாம், அதுவும் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் சுட்டவனுக்குக் கிடைக்கும் தண்டனை இரண்டுக்கும் ஒன்றல்ல. கேளுங்கள். உங்கள் ஊகத்தால் எண்ணை நிரப்பாதீர்கள்.

வழக்கு முடிந்த அன்று பின்னேரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். துரைக்கும் கோணாமலை குடும்பத்துக்கும் வீடு வாவியின் ஒரே பக்கம். ஆகவே வவுணதீவுக்குப் போகும் ஓடத்துக்காக மூவரும் ஒரே துறையில் நிற்க வேண்டியதாயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்களே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. நானும் துறைக்குப் போனேன். வள்ளிப்பிள்ளை சோற்றுப் பொதியை அவிழ்த்திருந்தாள். கோணாமலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துரை கொஞ்சத் தூரத்தில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"இவரை ஒன்று கேளுங்கள். தமிழில் ஒரு மாட்டுக்கு என்ன சொல்?"

கேட்டேன். "மாடு" என்றார் கோணாமலை.

"பல மாட்டுக்கு?"

"அதுவும் மாடுதான்."

துரைக்கு அது விளங்கவில்லை. "பத்து நின்றாலும்?"

"பத்து நிண்டாலும் மாடுதான்."

"அப்படியென்றால் ஒன்றா பலவா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதை நான் தமிழில் சொன்னதும், இவ்வளவு பெரிய மனிதர் இதையா கேட்கிறார் என்பது போலக் கோணாமலை சோற்றுக் கையோடு துரையை நிமிர்ந்து பார்த்தார்.

"கிட்டப் போய் எண்ணிப் பாக்கிறதுதான், துரை."

நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அதை இங்கிலீசில் சொன்னேன். துரை சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. ஓடம் வந்து மூவரும் ஏறி, அது நடு வாவிக்குப் போன பிறகும் அந்தச் சிரிப்பு கரைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.